பேர் என்ன... எத்தனை பேர்?



'ஜர்னலிஸம் படிக்கணும்'னு சொல்றவங்ககிட்ட, 'எந்த ஏரியா?'ன்னு கேட்டுப் பாருங்க. சினிமா, கிரிக்கெட், அரசியல்... பதில் பெரும்பாலும் இந்த மூணுக்குள்ளதான் வரும். கொஞ்சம் தில் உள்ளவங்க 'வார் ரிப்போர்ட்டர்' என்பார்கள். தலையில் ஹெல்மெட், உடம்பில் குண்டு துளைக்காத ஜாக்கெட், பின்னால் கரும்புகை. நினைத்தாலே ஜிவ்வென்று இருக்கும்!

ஆனால், குண்டு விழுகிற இடத்துக்கு ஓடுவது போர்ச் செய்தியில் பாதிதான். பிடிபட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பது மீதிப் பாதி. அங்கே புகையும் கிடையாது, ஓட்டமும் கிடையாது. கேமராவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் அந்தப் பாதிக்கு ஆள் வருவதே குறைவு.

இந்த வாரம் நாம் பார்க்கப் போகிறவர், அந்த மீதிப் பாதியில் இருபது வருடங்களுக்கும் மேலாக வேலை பார்த்தவர். கரோல் ரோஸன்பெர்க், அமெரிக்கப் பத்திரிகையாளர். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, மத்தியக் கிழக்கு நாடுகளில் செய்தி சேகரித்தவர். 1990-ல் 'மயாமி ஹெரால்டு' பத்திரிகையில் சேர்ந்தார். பிறகு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர் ஒன்றே ஒன்றுதான்... குவான்டனாமோ!

கியூபா தீவின் ஓரத்தில் அமெரிக்கா 1903-லிருந்து குத்தகைக்கு வைத்திருக்கும் கடற்படைத் தளம் அது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, ஆப்கானிஸ்தான் போரில் பிடிபட்டவர்களை அடைக்க அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் அங்கே? 'அது அமெரிக்க மண் இல்லை, அதனால் அமெரிக்க கோர்ட் தலையிட முடியாது. பிடிபட்டவர்கள் போர்க் கைதிகளும் இல்லை, அதனால் ஜெனீவா ஒப்பந்தமும் பொருந்தாது' என்பது அன்றைய புஷ் அரசின் வாதம். அதாவது, எந்தச் சட்டமும் எட்டாத ஒரு இடம்!

அப்படிப்பட்ட இடத்தில் ஒரு ரிப்போர்ட்டர் என்ன செய்ய முடியும்? கேள்வி கேட்கலாம். அதுவும் நம்ம தெருமுனைக் கடையில் கேட்கிற மாதிரி, ரொம்ப சிம்பிளான கேள்விகள்.

எத்தனை பேர்?

2002 ஜனவரி 11. முதல் ராணுவ விமானம் குவான்டனாமோவில் இறங்கியது. பார்க்க அனுமதிக்கப்பட்ட சில பத்திரிகையாளர்களில் ரோஸன்பெர்க்கும் ஒருவர். போட்டோ எடுக்கத் தடை. எனவே, கண்ணும் நோட்டும்தான் அவர்களுக்குக் கேமரா. ஆரஞ்சு நிற உடை, கண்ணை மறைத்த கண்ணாடி, காதில் அடைப்பான், கையில் விலங்கு என்று ஒவ்வொருவராக இறக்கப்பட்டவர்களை எண்ணினார்கள். இருபது பேர்!

உலகம் முழுக்கப் பரவிய அந்த 'முட்டி போட்ட கைதிகள்' போட்டோ பத்திரிகைக்காரர் எடுத்ததல்ல. கடற்படையின் சொந்தப் போட்டோகிராஃபர் எடுத்து, பென்டகன் வெளியிட்டது.

அன்று எண்ண ஆரம்பித்தவர், பிறகு நிறுத்தவே இல்லை. யார் வந்தார்கள், யார் எந்த நாட்டுக்குப் போனார்கள், யார் உள்ளேயே இறந்தார்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டே வந்தார். மொத்தம் சுமார் 780 பேர் அங்கே அடைக்கப்பட்டார்கள். ஒன்பது பேர் காவலில் இருக்கும்போதே இறந்தார்கள். 2025-ன் தொடக்கத்தில் மிச்சம் இருந்தவர்கள் 15 பேர்.

'எண்ணுறது எல்லாம் ஒரு வேலையா பாஸ்?' என்று கேட்காதீர்கள். கணக்கு இல்லாத இடத்தில் ஒரு ஆள் காணாமல் போனால், காணாமல் போனதே யாருக்கும் தெரியாது.

பேர் என்ன?

பிடிபட்ட வீரன் தன் பெயர், ரேங்க், பிறந்த தேதி, ராணுவ எண்... இவ்வளவுதான் சொல்ல வேண்டும் என்கிறது 1949-ம் வருட மூன்றாவது ஜெனீவா ஒப்பந்தம். முகாமுக்கு வந்து ஒரு வாரத்துக்குள், 'நான் இங்கே இருக்கிறேன்' என்று வீட்டுக்கு ஒரு கார்டு எழுத அவனை அனுமதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. யோசித்துப் பாருங்கள். கைதியின் முதல் உரிமையே அவன் பெயர் வெளியே தெரிவதுதான்!

குவான்டனாமோவில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தினர் உள்ளே போய்ப் பார்த்தார்கள், கடிதங்கள் கொண்டு போனார்கள். ஆனால், பார்த்ததை வெளியே சொல்லாமல் அரசிடம் மட்டும் பேசுவது அவர்கள் வழக்கம். யார் யார் உள்ளே என்ற முழுப் பட்டியலை நாலு வருடம் வரை அரசு வெளியிடவே இல்லை. 'பெயரைச் சொன்னால் கைதிகளின் அந்தரங்கம் பாதிக்கப்படும்' என்றுகூடக் காரணம் சொன்னார்கள்!

அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டது. நீதிபதி அந்த அந்தரங்க வாதத்தை ஏற்கவில்லை. 2006 மார்ச்சில் ஆயிரக்கணக்கான பக்க விசாரணைக் குறிப்புகள் வெளியே வந்தன. ஏப்ரலில் 558 பெயர்கள். மே மாதம் 759 பெயர்கள்.

இங்கே இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். ஆன்டி வொர்த்திங்டன், இங்கிலாந்துக்காரர். அதுவரை ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்த வரலாற்று எழுத்தாளர். வெளியான குறிப்புகளை எல்லாம் உட்கார்ந்து படித்தார். எண்ணையும் பெயரையும் பொருத்தினார். யார், எங்கே, எப்படிப் பிடிபட்டார்கள் என்று ஆள் ஆளாக எழுதி 2007-ல் புத்தகமாகப் போட்டார். அதன்பிறகு அவருடைய வாழ்க்கையே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நேரில் போய் எண்ணியவர் ஒருவர், வீட்டிலிருந்து காகிதத்தைப் படித்தவர் இன்னொருவர். இரண்டுமே ரிப்போர்ட்டர் வேலைதான்!

பெயர் விஷயத்தில் ஒரு வேடிக்கை. 2010-ல், 15 வயதில் பிடிபட்ட ஓமர் காத்ர் என்ற கனடா நாட்டு இளைஞனின் வழக்கு அங்கே நடந்தது. அவனை விசாரித்த ராணுவ வீரரின் பெயரை வெளியிட்டதாகச் சொல்லி, ரோஸன்பெர்க்கையும் மூன்று கனடா பத்திரிகையாளர்களையும் உள்ளே வரக் கூடாது என்றது பென்டகன். அந்தப் பெயரோ ஏற்கெனவே ஊரறிந்தது. அந்த வீரரே முன்பு ஒரு பேட்டியில் பேசியவர்! பத்திரிகைகள் வக்கீல் வைத்துச் சண்டை போட்டன. சில வாரங்களில் ரோஸன்பெர்க் திரும்பவும் உள்ளே! அந்த வருடமே பத்திரிகையாளர்களுக்கான விதிகளையும் மாற்றினார்கள்.

என்ன குற்றம்?

இதற்குத்தான் பதில் கிடைக்க மிகவும் கஷ்டமாக இருந்தது. ஏனென்றால், பெரும்பாலானவர்கள் மீது வழக்கே போடப்படவில்லை. அமெரிக்காவின் சீட்டன் ஹால் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியரும் மாணவர்களும் பென்டகனின் சொந்த ஆவணங்களையே எடுத்து 2006-ல் ஆராய்ந்தார்கள். 517 பேரின் ஃபைல்கள். அவற்றில் அமெரிக்கப் படையே பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்கள் வெறும் 5 சதவிகிதம்! பெரும்பாலானோரைப் பாகிஸ்தானோ, ஆப்கானிஸ்தானின் வடக்குக் கூட்டணியோ பிடித்து ஒப்படைத்திருந்தது. அது, பிடித்துக் கொடுத்தால் பெரும் பணம் என்று அமெரிக்கா நோட்டீஸ் வீசிக்கொண்டிருந்த நேரம்.

உள்ளே இருந்தவர்களில் ஒரு பத்திரிகையாளரும் உண்டு. சாமி அல்-ஹஜ், சூடான் நாட்டுக்காரர், அல் ஜஸீரா கேமராமேன். 2001 டிசம்பரில் பாகிஸ்தான்-ஆப்கன் எல்லையில் பிடிபட்டார். உள்ளே ஒரு வருடத்துக்கும் மேல் உண்ணாவிரதம் இருந்தார். 2008 மே மாதம், எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகாமல் விடுதலையானார். பிறகு அதே அல் ஜஸீராவில் மனித உரிமைப் பிரிவுக்குத் தலைவரானார்.

'வழக்கும் போட மாட்டோம், விடுதலையும் செய்ய மாட்டோம்' என்று 48 பேரை ஒரு பிரிவாக ஒதுக்கியிருந்தது அரசு. யார் அந்த 48? அது ரகசியம். மயாமி ஹெரால்டு வழக்குப் போட்டது. அதற்கு உதவியது யேல் சட்டக் கல்லூரி மாணவர்கள்! 2013 ஜூனில் பட்டியல் வெளியே வந்தது. காலேஜ் படிக்கும்போதே என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு, இதோ இரண்டு காலேஜ்கள்.

கோர்ட்டுக்குள்ளே உட்காரும் அனுபவமே தனி. பத்திரிகையாளர்கள் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம். உள்ளே பேசுவது 40 விநாடி தாமதமாகத்தான் காதில் விழும். ரகசியம் எதுவும் வந்துவிட்டால் சிவப்பு விளக்கு எரியும், சத்தம் நின்றுவிடும். 2013 ஜனவரியில் ஒருநாள் திடீரென விளக்கு எரிந்து சத்தம் நின்றது. நீதிபதிக்கே அதிர்ச்சி. நிறுத்தியது அவர் இல்லை! வெளியே இருந்து யாரோ நிறுத்தியிருந்தார்கள். அந்த இணைப்பைத் துண்டிக்க உத்தரவிட்டார் நீதிபதி. அன்று அங்கே பத்திரிகையாளர்கள் இல்லாவிட்டால், இது நமக்குத் தெரிந்திருக்குமா?

செலவு எவ்வளவு?

2019-ல் ரோஸன்பெர்க் 'நியூயார்க் டைம்ஸ்'-க்கு மாறினார். பத்திரிகைதான் மாறியது, பீட் மாறவில்லை. அந்த வருடம் அவர் போட்ட கணக்கு இது: 40 கைதிகளுக்காக ஒரு வருடத்தில் ஆன செலவு 54 கோடி டாலர். தலைக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கும் மேல்! மனித உரிமை என்றால் முகம் சுளிப்பவர்கள்கூட, வரிப்பணக் கணக்கு என்றால் உட்கார்ந்து படிப்பார்கள் இல்லையா?

'நீ யார் பக்கம்?'

இந்த வேலை செய்கிறவர்களிடம் ஊர் திருப்பிக் கேட்கும் கேள்வி இது. 'தீவிரவாதிக்கு என்ன உரிமை வேண்டிக்கிடக்கு?' நியாயமான கோபம்தான். செப்டம்பர் 11 அன்று இறந்தவர்கள் கிட்டத்தட்ட 3,000 பேர். அதைத் திட்டமிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட காலித் ஷேக் முகமதுவும் அங்கேதான் இருக்கிறார்.

ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். 2003 மார்ச்சில் சி.ஐ.ஏ. அவரை ரகசிய இடத்தில் வைத்து, மூச்சுத்திணறத் தண்ணீர் ஊற்றும் சித்திரவதையை 183 தடவை செய்தது. அப்படி வாங்கிய வாக்குமூலம் செல்லுமா, அதற்குப் பிறகு சொன்னது செல்லுமா என்றே வருடக்கணக்கில் வாதம் ஓடியது. 2024 ஜூலையில், மரண தண்டனையைத் தவிர்த்து, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஓர் உடன்பாடு கையெழுத்தானது. இரண்டே நாளில் பாதுகாப்பு அமைச்சர் அதை ரத்து செய்தார். 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ரத்து சரிதான் என்றது. தாக்குதல் நடந்து 24 வருடங்கள் ஆகியும் தீர்ப்பு இல்லை!

விசாரணையைப் பார்க்க, இறந்தவர்களின் குடும்பத்தினரும் அந்தத் தளத்துக்கு வருவார்கள். அதே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். கைதியின் உரிமையைச் சட்டத்துக்கு வெளியே தள்ளியதில், அந்தக் குடும்பங்களுக்குக் கிடைக்க வேண்டிய நீதியும் சேர்ந்தே மாட்டிக்கொண்டது. கைதிக்கு உரிமை கேட்பது அவன் நல்லவன் என்பதற்காக இல்லை ஃப்ரெண்ட்ஸ். அவன் நல்லவனா, கெட்டவனா என்பதை ஒழுங்காகத் தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை என்பதற்காக.

ரோஸன்பெர்க் யார் பக்கமும் கொடி பிடிக்கவில்லை. கைதி சொன்னதையும் எழுதினார், காவலர் சொன்னதையும் எழுதினார். 2006-ல் மூன்று கைதிகள் இறந்தபோது, அங்கே இருந்த பத்திரிகையாளர்களை வெளியேறச் சொன்னார்கள். போனார், திரும்பி வந்தார். தங்க இடம் கூடாரம். எடுத்த போட்டோக்களைச் சிப்பாய்கள் பார்த்து, வேண்டாததை அழிப்பார்கள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு, அடுத்த விசாரணைக்கும் விமானம் ஏறினார். 2011-ல் ராபர்ட் எஃப். கென்னடி விருது கிடைத்தது. அதற்குள் மற்ற ரிப்போர்ட்டர்கள் பலர் வேறு செய்திக்குப் போய்விட்டார்கள்.

இந்த ரூட்டில் போக ஆசையா?

அப்படியானால், இப்போதே மூன்று பழக்கங்களை ஆரம்பியுங்கள்.

முதலில், சட்டம் படியுங்கள். பட்டம் வாங்க வேண்டாம். ஜெனீவா ஒப்பந்தம், நம் அரசியல் சாசனத்தின் 21, 22-ம் பிரிவுகள்... இவற்றிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அடுத்து, மனு எழுதிப் பழகுங்கள். அமெரிக்காவில் அவர்கள் பயன்படுத்திய மாதிரிச் சட்டம் நம்மிடமும் 2005-லிருந்து இருக்கிறது, தகவல் அறியும் உரிமைச் சட்டம். மத்திய அரசு அலுவலகம் என்றால் கட்டணம் 10 ரூபாய். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால், 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும் என்கிறது அதன் 7-வது பிரிவு. இது நிறையப் பேருக்குத் தெரியாது!

மூன்றாவது, ஒரு டைரி போடுங்கள். ஏதாவது ஒரு விஷயத்தை, ஒரே விஷயத்தை, தேதி போட்டு எண்ணிக்கொண்டே வாருங்கள். எல்லோரும் மறந்த பிறகு, அந்த டைரிக்குத்தான் மதிப்பு.

அடுத்த வாரம் வேற ஒரு ரூட், வேற ஒரு ஆள். வரட்டுமா!