பாராட்டும் பாக்கியும்

கட்டற்ற மென்பொருள் பற்றி நம் எழுத்தாள நண்பர்கள் பேச ஆரம்பித்தால் 'தியாகம்' என்ற வார்த்தை உடனே வந்து விழுகிறது. சம்பளம் வாங்காமல் நிரல் எழுதுகிறான், எழுதியதை உலகத்துக்கே பொதுவில் வைக்கிறான், என்ன மனசு என்று உருகுகிறோம். உருகி முடித்து வீட்டுக்குப் போய் அவன் செய்துகொடுத்த சாதனத்தில் அடுத்த கட்டுரையைத் தட்டச்சு செய்கிறோம். அவனுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று தோன்றுவதில்லை. இந்த உருகலோடுதான் எனக்குச் சண்டை.

நமக்கு இது பழைய வழக்கம். சி. சு. செல்லப்பா 1959-ல் 'எழுத்து'வைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார். அந்தச் சுமையைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதிவிட்டோம். அவரைத் தியாகி ஆக்கியது யார்? சந்தா கட்டாதவர்கள். ஒருவனைத் தியாகி என்று அறிவித்துவிட்டால் அவனுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காமலிருக்க ஒரு நியாயமும் கிடைத்துவிடுகிறது. பணம் பட்டால் அவன் லட்சியம் கறைபட்டுவிடுமாம். பாக்கி வைத்திருப்பவன் கடன் கொடுத்தவனின் தூய்மையைப் பற்றிக் கவலைப்படுகிற விசித்திரம் இது.

ஆங்கிலத்தில் சுதந்திரத்துக்கும் இலவசத்துக்கும் ஒரே சொல் இருப்பதால் ரிச்சர்ட் ஸ்டால்மன் நாற்பது ஆண்டுகளாக வித்தியாசத்தை விளக்கிக்கொண்டிருக்கிறார். 1980-களில் அவரே தன் ஈமாக்ஸ் நிரலை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றுத்தான் பிழைத்தார். வாங்கியவன் அதைப் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், அதுதான் சுதந்திரம். விலை வேறு விஷயம். தமிழில் இந்தச் சங்கடமே இல்லை. 'கட்டற்ற' என்றும் 'இலவசம்' என்றும் இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. இருந்தும், முதல் சொல்லை மேடையில் பேசிவிட்டு இரண்டாவதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறோம்.

இதன் விளைவு என்ன என்பதற்கு நடந்த விஷயங்களையே சொல்கிறேன்.

ஓப்பன்எஸ்எஸ்எல் என்று ஒரு நிரல். நம் கடவுச்சொல்லும் வங்கிக் கணக்கும் இணையத்தின் வழியே போகும்போது நடுவில் எவனும் படித்துவிடாமல் பூட்டிவைக்கிற காரியம் அதனுடையது. உலகத்தின் வலைத்தளங்களில் பெரும்பகுதி அதை நம்பி இருந்தது. 2014 ஏப்ரலில் அதில் 'ஹார்ட்பிளீட்' என்ற பெரிய ஓட்டை வெளிப்பட்டது. அப்போதுதான் கணக்கும் வெளிப்பட்டது. ஓர் ஆண்டில் அதற்கு வந்துகொண்டிருந்த நன்கொடை ஏறக்குறைய 2,000 டாலர். முழுநேரமாக அதில் உழைத்தவர் ஒரே ஒருவர். கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் கம்பெனிகள் தங்கள் கதவுக்குப் போட்ட பூட்டு இது. ஓட்டை தெரிந்த பிறகுதான் அவை லினக்ஸ் பவுண்டேஷன் மூலம் கூடி நிதி ஒதுக்கின.

ஜெர்மனியில் வெர்னர் கோக் 1997 முதல் ஜிஎன்யுபிஜி என்ற ரகசியக் கடித நிரலை எழுதிப் பராமரித்து வருகிறார். ஸ்னோடன் 2013-ல் அமெரிக்க வேவு பற்றிய தகவல்களைப் பத்திரிகையாளர்களிடம் சேர்ப்பதற்குக் கையாண்ட நிரல் அது. 2001-லிருந்து கோக்குக்குக் கிடைத்த வருமானம் சராசரியாக ஆண்டுக்கு 25,000 டாலர் அளவில்தான் இருந்தது. விட்டுவிடலாம் என்று ஒரு கட்டத்தில் நினைத்தவர் அவர். 2015 பிப்ரவரியில் ஒரு பத்திரிகை அவர் நிலைமையை எழுதியதும் பணம் வந்து குவிந்தது. நல்லதுதான். அந்தக் கட்டுரை வராமலிருந்தால்?

இவை பத்தாண்டுக்கு முந்தியவை, இப்போது பாடம் படித்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டாம். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரலுக்குள் யாரோ திட்டமிட்டுக் கள்ளவாசல் வைத்திருந்தது தற்செயலாகத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பல வருஷங்களாகச் சம்பளமின்றித் தனியாளாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் களைத்துப்போயிருந்தார். உதவிக்கு வருகிறேன் என்று புனைபெயரில் ஒருவன் வந்தான். இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக வேலையும் செய்தான். சாவி கைமாறியது. களைத்தவனுக்கு உதவ வந்தவன் அவன் ஒருவன்தான், அவனும் திருடன். இதை நாம் யோசிக்க வேண்டும்.

பத்திரிகை நடக்கும்போது திரும்பிப் பார்க்காமல், நின்ற பிறகு அஞ்சலிக் கட்டுரை எழுதுகிற நம் பண்பாடு உலகளாவியது என்று இவற்றிலிருந்து தெரிகிறது. ஆறுதல்தான்.

கம்பெனிகள்தானே அதிகம் பயன்படுத்துகின்றன, அவை கொடுக்கட்டும் என்பார்கள். கொடுக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் கம்பெனி தனக்கு வேண்டியதற்குத்தான் கொடுக்கும். தமிழ் எழுத்துருவும் தமிழ்ச் சொற்பிழை திருத்தியும் எந்தக் கம்பெனியின் அவசரத் தேவை? பெரும் பத்திரிகை தயவில் எழுதிய எழுத்தாளனுக்கு என்ன நேர்ந்தது என்று நமக்குத் தெரியும். யாரும் அவனை மிரட்டவில்லை. அவனாகவே அளவெடுத்து எழுதக் கற்றுக்கொண்டான்.

சிறு தொகைகளால் ஆகிற காரியமா என்பார்கள். ஆகியிருக்கிறது. பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை நிரல், அதை வைத்திருந்த கம்பெனி 2002-ல் மூடப்பட்டபோது, முதலீட்டாளர்களின் அலமாரியில் செத்திருக்க வேண்டியது. அதை உருவாக்கிய டான் ரோசன்டால் 1,00,000 யூரோ கொடுத்தால் மூலநிரலைப் பொதுவில் விடுவீர்களா என்று கேட்டார். சம்மதித்தார்கள். ஏழு வாரத்தில் அதை உபயோகித்தவர்களே அந்தப் பணத்தைச் சேர்த்துவிட்டார்கள். இன்று உலகெங்கும் மாணவர்கள் அதில் படம் வரைகிறார்கள். அன்று பணம் போட்டவன் தனக்காக மட்டும் வாங்கவில்லை, முகம் தெரியாத ஒருவனுக்கும் சேர்த்து வாங்கினான். இதற்குப் பிச்சை என்று பெயரில்லை.

பிச்சைக்கும் சந்தாவுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறந்துவிட்டோம். பிச்சை போடுகிறவன் மனம் இளகும் நேரத்தில் போடுவான், கணக்குக் கேட்க மாட்டான். சந்தாக்காரன் காலந்தவறாமல் கட்டுவான், கணக்கும் கேட்பான். விக்கிமீடியா நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 15 கோடி டாலருக்கு மேல் வருகிறது, பெரும்பாலும் சிறுசிறு தொகைகளாக. ஆனால் தமிழ் விக்கிப்பீடியாவில் 2003-லிருந்து கட்டுரை எழுதி வருகிறவர்களுக்கு எழுத்துக்குக் கூலி கிடையாது. பணம் எங்கே போகிறது, எழுதுகிறவனுக்கு ஏன் எட்டுவதில்லை என்று கேட்கிற உரிமை கொடுத்தவனுக்கு உண்டு. கொடுக்காதவன் இந்தக் கேள்வியைக் கேட்டு, அதையே கொடுக்காமலிருப்பதற்குக் காரணமாகவும் வைத்துக்கொள்வது பம்மாத்து.

கடைசியாக நம் வீட்டுக்கு வருவோம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் முகம் தெரியாதவர்கள் பழந்தமிழ் நூல்களை வரி வரியாகத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாண நூலகம் 1981-ல் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. அதே மண்ணின் எழுத்துக்களை இன்னொரு முறை அழிய விடக்கூடாதென்று 2005-ல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தில் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சிற்றிதழ்களையும் பக்கம் பக்கமாகச் சேர்த்து வருகிறது. அது நன்கொடையில் நடக்கிறது.

இரண்டிலிருந்தும் நான் எடுத்திருக்கிறேன். எத்தனையோ வருஷமாக. மேற்கோள் சரிபார்க்க, நடுராத்திரியில் ஒரு பாடபேதம் தேட, கைக்குக் கிடைக்காத ஓர் இதழைக் கண்ணால் பார்க்க. என் கட்டுரைகளில் பாதி அந்த உழைப்பின் மேல் நிற்கிறது. ஒரு பைசா கொடுத்ததில்லை, ஒரு பக்கம் பிழை திருத்திக் கொடுத்ததும் இல்லை. கூட்டங்களில் பாராட்டிப் பேசியிருக்கிறேன், நன்றாகவே. இந்த இதழைப் படிக்கும் சிலநூறு பேரில் பெரும்பாலோர் என்னைப் போலத்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன், தவறென்றால் சந்தோஷம்.

பணமில்லாதவன் மாதத்துக்குப் பத்துப் பக்கம் பிழை பார்க்கலாம். பணமிருப்பவன் மாதாமாதம் ஒரு சிறு தொகையை ஒதுக்கலாம். பெரிய தொகை வேண்டாம். அது ஒருமுறை வந்து நின்றுவிடும், கூடவே கொடுத்தவன் பெயரைப் பலகையில் எழுதச் சொல்லும். நான் மாதம் 200 ரூபாய் என்று எடுத்துவைத்திருக்கிறேன். இத்தனை வருஷத்துக் கடனுக்கு இது வட்டிக்கும் காணாது. ஆனாலும் இந்தக் கட்டுரையை அனுப்பும் முன் முதல் தவணையை அனுப்பிவிட்டேன்.