நகராத அறை

காலை ஏழு மணி. கதவைத் தட்டிய அம்மாளுக்கு எழுபது வயதாவது இருக்கும். "என் வீட்டுச் சுவர் உள்ளே வரமாட்டேன் என்கிறது" என்றார். தூக்கக் கலக்கத்தில் இருந்த எனக்கு, ஆங்கிலத்தைத்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறோமோ என்று சந்தேகம் வந்தது. அத்தானுக்கு உடனே விளங்கிவிட்டது. ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னால் போனேன்.

இது கடந்த ஜனவரியில் நடந்தது. இடம், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்ஸைட் என்ற பாலைவன ஊர். நிரந்தரவாசிகள் சில ஆயிரம் பேர்தான். குளிர்காலம் வந்துவிட்டால், வடக்கே கொட்டும் பனிக்குப் பயந்து, சக்கரம் வைத்த வீடுகளை ஓட்டிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் லட்சக்கணக்கானோர் வந்துபோகிறார்கள். இந்த வண்டிவீட்டுக்கு 'ஆர்.வி.' என்று பெயர். பீனிக்ஸ் நகரில் இருக்கும் அக்காவும் அத்தானும் ஓய்வு பெற்ற பிறகு பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கி இந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள். பத்து நாள் விருந்தாளியாக நானும் அதில் ஒண்டிக்கொண்டேன்.

வண்டிக்குள் அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் உண்டு. ஆனால் சாலையில் ஓடும்போது அகலம் எட்டரை அடியைத் தாண்டக் கூடாது. அதற்குள் எப்படிக் குடித்தனம் நடத்துவது? கண்டுபிடித்தார்கள் ஒரு வழி. வண்டியை நிறுத்தியதும் சுவிட்சை அழுத்தினால், பக்கச் சுவரின் ஒரு பகுதி சோபா, சாப்பாட்டு மேஜை சகிதமாக இரண்டு மூன்று அடி வெளியே நகர்கிறது, மேஜை டிராயரை இழுப்பது போல. 'ஸ்லைடு அவுட்' என்கிறார்கள். 1990-களில் பரவலான வசதி இது. நடு வீடு சட்டென்று கூடமாகிவிடும். சங்கடம் என்னவென்றால், வெளியே போன அறை திரும்பி உள்ளே வராவிட்டால் வண்டி ஓரடி நகர முடியாது.

அந்த அம்மாளுக்கு அதுதான் நேர்ந்திருந்தது. அவர் தங்கியிருந்தது வாடகையில்லாத அரசு நிலம். பதினான்கு நாள் தங்கலாம், பிறகு வேறிடம் போக வேண்டும் என்பது விதி. மறுநாள் பதினான்காவது நாள். கணவர் இறந்த பிறகு ஊரில் இருந்த வீட்டை விற்றுவிட்டார். 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'நோமட்லாண்ட்' பார்த்தவர்களுக்கு இப்படிப்பட்டவர்கள் பரிச்சயம். இந்த டிரெய்லரை விட்டால் அவருக்கு வேறு வீடு கிடையாது.

முந்தைய நாள் ஒரு மெக்கானிக் வந்து பார்த்திருக்கிறார். மோட்டாருக்குப் போகும் ஒயர்களைக் கழற்றி மீட்டரில் பார்த்தார், பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. "கரன்ட் வருகிறது, மோட்டார் ஓடவில்லை. மோட்டார் போய்விட்டது" என்று தீர்ப்பு. புது மோட்டாரும் கூலியும் சேர்ந்தால் அம்மாளின் ஒரு மாத ஓய்வூதியம் காலி. மோட்டார் வந்துசேரப் பத்து நாள். கையால் சுற்றி அறையை உள்ளே இழுக்க ஒரு கைப்பிடி இருக்கும். பலர் கைமாறி வந்த அந்த வண்டியில் அதையும் காணோம்.

அத்தான் கணக்கு எழுதிச் சம்பாதித்தவர், மின்சாரம் தெரியாது. ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரியும். நாலு வண்டி தள்ளி இருந்த ஓய்வு பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து வந்தார். அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்: "சுவிட்சை அழுத்தும்போது விளக்கு மங்குகிறதா?"

அந்தக் கேள்வியின் பெருமை எனக்குப் பிறகுதான் புரிந்தது. இந்த வண்டிகளில் அறையை நகர்த்துவது பெரும்பாலும் 12 வோல்ட் மோட்டார். வெளியே 120 வோல்ட் இணைப்பு கொடுத்திருந்தாலும், அது கன்வர்ட்டர் வழியாக 12 வோல்ட் ஆகி, பேட்டரியோடு சேர்ந்துதான் மோட்டாருக்குப் போகிறது. பல நூறு கிலோ எடையுள்ள அறையை நகர்த்தும் அந்த மோட்டார் இருபது முப்பது ஆம்பியர் கேட்கும். நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி அதில் பத்தில் ஒரு பங்குகூட எடுப்பதில்லை. அவ்வளவையும் பேட்டரி ஒரே மூச்சில் கொடுத்தாக வேண்டும். சுவிட்சை அழுத்தியதும் எல்லா விளக்கும் மங்கினால் பேட்டரி சோர்ந்திருக்கிறது, அல்லது பேட்டரி முனையிலேயே கோளாறு. விளக்கு மங்காமல், மோட்டாரும் மூச்சுவிடாமல் இருந்தால் கரன்ட் போய்ச்சேரவே இல்லை. ஃப்யூஸ், சுவிட்ச், ரிலே என்று வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. மோட்டார் சுற்றியும் அறை நகராவிட்டால் மின்சாரத்தின் மேல் பழியில்லை, பல்சக்கரத்தையோ அதன் ஊசியையோ பார்க்க வேண்டும்.

அம்மாள் அழுத்தினார். விளக்கு மங்கவில்லை. மோட்டார் மட்டும் அடித்தொண்டையில் உறுமிவிட்டு நின்றது.

பெரியவர் ஒயர்களை மோட்டாரிலேயே பொருத்தி வைத்துவிட்டு, சுவிட்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லி அளந்தார். பேட்டரியில் 12.3 வோல்ட். மோட்டாரில் 8.1 தான். நடுவில் நாலு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போயிருந்தது! தேடினார். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து மோட்டாரின் பாசிட்டிவ் வரை மீட்டரை வைத்தார். இழப்பு 0.3. நெகட்டிவிலிருந்து நெகட்டிவுக்கு வைத்தார். 3.9. "திருடன் இந்தப் பக்கம்" என்று சிரித்தார்.

மெக்கானிக்கின் மீட்டர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விதான் தவறு. மீட்டர் எடுத்துக்கொள்ளும் கரன்ட் துளியினும் துளி. துருப்பிடித்த இணைப்பிலும் அது சிரமமில்லாமல் கசிந்து வந்துவிடும், முழு வோல்ட்டும் காட்டும். முப்பது ஆம்பியர் வேண்டும் என்று மோட்டார் கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. அடைப்புள்ள குழாயில் கடைசியில் குழாயை மூடிவைத்து அழுத்தம் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். திறந்து குடத்தை வைத்தால்தானே தெரியும்? பத்தில் ஒரு ஓம் தடையில் முப்பது ஆம்பியர் பாய்ந்தால் மூன்று வோல்ட் வீணாகும். 230 வோல்ட் உள்ள நம் வீட்டில் அது கணக்கிலேயே வராது. 12 வோல்ட்டில் அது கால் பங்கு சொத்து.

நெகட்டிவ் ஒயர் எங்கே போகிறது? "கிரவுண்டுக்கு" என்றார் பெரியவர். எனக்குச் சுருக்கென்றது. பல வருடங்களுக்கு முன் ஒரு வீட்டுச் சாதனத்தின் கையேட்டைத் தமிழாக்கியபோது, இதே சொல்லுக்கு 'தரையைச் சரிபார்க்கவும்' என்று எழுதிக்கொடுத்தவன் நான். தமிழில் முதுகலை படித்தவன் எழுதியதாயிற்றே என்று அச்சிலும் ஏற்றிவிட்டார்கள். எத்தனை பேர் குனிந்து தரையைப் பார்த்தார்களோ! நம் எலெக்ட்ரீஷியன்கள் 'எர்த்' என்று சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ரப்பர் டயரில் நிற்கும் இந்த வண்டியில் எர்த் மண்ணைத் தொடுவதே இல்லை. வண்டியின் இரும்புச் சட்டம்தான் எர்த். மோட்டாரிலிருந்து வரும் கரன்ட் அந்தச் சட்டத்தின் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும்.

பெரியவர் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றினார். விரலில் இருந்த மோதிரத்தையும் கழற்றிப் பையில் போட்டார். 12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் பேட்டரி முனையில் மோதிரமோ ஸ்பானரோ குறுக்கே பட்டால் பழுக்கக் காய்ந்து விரலைப் பொசுக்கிவிடும். பிறகு வண்டிக்கு அடியில் படுத்தார். சட்டத்தில் போல்ட் வைத்து முடுக்கிய ஒயர் முனை. மேலே பார்க்க இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றினால் அடியில் செங்கல் பொடியாகத் துரு. உப்புத்தாள் கொண்டு இரும்பு பளிச்சிடும் வரை தேய்த்தார், புது முனை போட்டார், முடுக்கி மேலே கிரீஸ் தடவினார். செலவு, ஒரு காபி விலை.

"இப்போது அழுத்துங்கள். பாதையில் யாரும் நிற்க வேண்டாம்" என்றார். சுவர் ஒரு பெருமூச்சோடு உள்ளே வந்தது. அம்மாள் சோபாவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பணம் நீட்டியபோது பெரியவர் வாங்கவில்லை. அதற்குப் பதில் ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டார். அன்று அளந்த எண்களை எழுதி, கீழே சில வரிகள் சேர்த்தார். அக்கா அதைத் தன் டைரியில் பிரதி எடுத்துக்கொண்டாள். அதன் சாரம் இது:

சுவிட்சைத் திரும்பத் திரும்ப அழுத்தாதே, மோட்டார் சூடேறி நிஜமாகவே போய்விடும். முதலில் பேட்டரி. ஈய-அமில பேட்டரி ஓய்வில் 12.6 காட்டினால் முழு வயிறு. 12.2 என்றால் அரை வயிறு. 12-க்குக் கீழே பட்டினி. சில வண்டிகளில் கைப் பிரேக் போடாவிட்டாலோ, எஞ்சின் சாவி தவறான நிலையில் இருந்தாலோ, பாதுகாப்புக்காக அறை நகர மறுக்கும். பழுது என்று நினைக்காதே. ஃப்யூஸ் ஒரு முறை போனால் அதே அளவு மாற்று. மறுபடி போனால் காரணத்தைத் தேடு, பெரிய ஃப்யூஸ் போடாதே. அறையோடு சேர்ந்து நகரும் ஒயர்கள் மடங்கி மடங்கித் தேயும், அங்கே பார். கையால் சுற்றும் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று பழுதாவதற்கு முன்பே தெரிந்துகொள். எதையும் வேலை வாங்கும்போது அள.

மறுநாள் காலை அம்மாளின் டிரெய்லர் கிளம்பியது. அக்கா ஒரு டப்பாவில் எலுமிச்சை சாதம் கொடுத்தனுப்பினாள்.

தில்லி திரும்பிய வாரமே எங்கள் வீட்டு இன்வர்ட்டர் படுத்துவிட்டது. வந்த பையன் மீட்டரை வைத்து, ஏதோ யோசித்து, "பேட்டரி மாற்ற வேண்டும் சார்" என்றான். மின்விசிறியைப் போட்டுவிட்டு ஒவ்வொரு முனையிலும் அளந்து பார்க்கச் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஆனாலும் அளந்தான். நெகட்டிவ் முனையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுரண்டி, துடைத்து, முடுக்கினான்.

பழைய பேட்டரிதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.