பழைய இயந்திரமும் களிமண் வயலும்

மன்னார் கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள முருங்கன் மண்ணை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. காய்ந்தால் வெடித்துப் பிளக்கும். நனைந்தால் மண்வெட்டியை விடாது பற்றிக்கொள்ளும். யுத்தத்தால் இடம்பெயர்ந்து 2009 இன் பின் இம்மண்ணுக்குத் திரும்பிய குடும்பங்கள் பல, மாடுகளையும் உழவு இயந்திரங்களையும் இழந்தே திரும்பின. லீசிங்கில் பெரிய இயந்திரம் எடுப்பதா, அல்லது பழைய சிறிய இயந்திரமொன்றைப் பலர் சேர்ந்து வைத்திருப்பதா என்று எம்மிடம் கேட்பவர்கள் இன்றும் உள்ளனர்.

பின்னையதே நன்று என்பது எமது கருத்து. காரணங்களைச் சொல்வோம்.

நெல்லுக்கு நான்கு முதல் ஆறு அங்குல உழவு போதும். அதற்குக் கீழேயுள்ள இறுகிய படையே தண்ணீரைத் தாங்குகிறது, இயந்திரத்தையும் தாங்குகிறது. பெரிய இயந்திரத்தால் அதைக் கிளறினால் அடுத்த போகத்தில் அதே வயலில் சில்லு புதையும். மசி பேர்கசன் 35 ஏறத்தாழ ஒன்றரைத் தொன் பாரமே உடையது. 1957 முதல் 1964 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான இவ்வியந்திரம் இன்றும் உழக்கூடியது.

அதன் பலம் குதிரைவலுவில் மட்டும் இல்லை. அயர்லாந்தில் பிறந்த ஹரி பேர்கசன் வகுத்த மும்முனை இணைப்பில் உள்ளது. கலப்பை இறுகிய இடத்தில் மாட்டும்போது மேற்தண்டு அழுத்தப்படுகிறது. ஐதரோலிக் கலப்பையைச் சற்றே உயர்த்துகிறது. அப்பாரம் பின்சில்லுகளில் ஏறி அவற்றை வழுக்காமல் பிடிக்கிறது. சாரதியின் அருகே இரண்டு நெம்புகோல்கள் இருப்பது இதனாலேயே. ஒன்று கலப்பையின் உயரத்துக்கு, மற்றையது இழுவைக்கு. எம்மவரிற் பலர் முதலாவதை மட்டுமே பயன்படுத்திவிட்டு, இயந்திரம் இழுக்கவில்லை என்று குறைகூறுகின்றனர்.

எனினும், பதம் தவறினால் எந்த இயந்திரமும் உதவாது. உழும் ஆழத்திலிருந்து ஒருபிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். மெல்லிய நூலாகத் திரண்டால் ஈரம் அதிகம், காத்திருங்கள். நூலாகுமுன் உதிர்ந்தால் புழுதி உழவுக்குப் பதம் வந்துவிட்டது. ஈரக் களியில் உழுதால் மண் மெழுகியதுபோலாகிக் காய்ந்ததும் கல்லாகும். சில்லின் தடத்தையும் கவனியுங்கள். பூப்பதிவு தெளிவாக இருந்தால் நன்று. மெழுகி அழிந்திருந்தால் டீசல் வீணாகிறது. 2022 இல் டீசலுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அதன் பெறுமதியைச் சொல்ல வேண்டியதில்லை. முதல் உழவை மேலோட்டமாகவும் இரண்டாவதைச் சற்று ஆழமாகவும் செய்யுங்கள். ஒரே தடவையில் ஆழம் தேடுவது பழைய இயந்திரத்தின் கிளச்சைக் கேட்பதாகும்.

இங்கேதான் எமது மனக்குறை. ஊருக்கு ஒரு இயந்திரம் இருந்தால், செல்வாக்குள்ளவரின் வயலே முதலில் உழப்படுகிறது. விதவைத் தாயின் வயலுக்கு முறை வரும்போது மழை இறங்கி மண் சேறாகிவிடுகிறது. விளைச்சல் குறைந்ததும் அவருடைய மண்ணுக்குப் பழி வருகிறது. ஆகவே, முறையை ஆட்களைக் கொண்டல்ல, மண்ணைக் கொண்டே வகுக்க வேண்டும். முதல் மழைக்குப்பின் மேட்டு வயல் முன்னே பதமாகும், பள்ளம் பின்னே. விதைப்புக்கு முன் எல்லோரும் கூடி அந்த வரிசையை எழுதி வைத்தால் பிணக்கும் குறையும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. புதைந்த இயந்திரத்தை மீட்க, பின்சில்லுகளுக்குக் குறுக்கே மரக்குற்றியைக் கட்டி ஓட்டாதீர்கள். சில்லு சுழல முடியாதபோது முன்பக்கம் கிளம்பி, இயந்திரம் சாரதியின் மேலேயே கவிழும். பழைய இயந்திரங்களில் அவரைக் காக்கும் சட்டம் இல்லை. கலப்பையைக் கழற்றி, மண்ணை வெட்டி, இன்னொரு இயந்திரத்தால் முன்புறமாக மெதுவாக இழுங்கள். அரைநாள் போகும், ஆள் தப்பும்.

மழை பொய்த்தாலும் லீசிங் தவணை பொய்க்காது. கடனில்லாத சிறு இயந்திரமும், பதமறிந்த கையும், நியாயமான முறையும் இருந்தால், திரும்பிவந்த மண்ணில் நாம் நிலைத்து நிற்கலாம்.