கீரையில் நஞ்சு: தண்டனை யாருக்கு?

சந்தைக் காய்கறியில் ஈயம், காட்மியம் என்று செய்தி வரும்போதெல்லாம், ஆய்வு மாணவன் என்பதால் என்னிடம் பலரும் கேட்பது இதுதான்: "எந்தக் கடையில் வாங்கினால் நல்லது?" நஞ்சு கடையில் கலப்பதில்லையே!

ஆலைக் கழிவுநீரில் வரும் உலோகம் மண்ணில் தங்குகிறது. வேர் அதை உறிஞ்சுகிறது. காட்மியத்தைக் கீரைகள் கூடுதலாக ஏற்கும். இலைமேல் படிந்த தூசியைக் கழுவலாம். உள்ளே ஏறியது கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் அழியாது. காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அரசு என்ன செய்கிறது? தில்லியைப் பாருங்கள். 2015 ஜனவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், யமுனை வெள்ளச் சமவெளியில் உணவுப் பயிர் செய்யத் தடை விதித்தது. அங்கே பாடுபட்டவர்களில் பலர் சொந்த நிலமற்ற குத்தகை விவசாயிகள். உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். அவர்களின் பயிர்மீது புல்டோசர் ஏறியது. நஜஃப்கர் கால்வாயோ நகரத்துச் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் யமுனையில் கொட்டுவதை நிறுத்தவில்லை.

சாதியச் சமூகத்துக்கு இது பழகிய நியாயம். அழுக்கை உண்டாக்குபவர் சுத்தமானவர். அதைச் சுமப்பவர் அசுத்தமானவர். சாக்கடை போய் முடியும் இடத்தில்தான் சேரியை வைத்தார்கள். இன்று கீரைக்கார அம்மாவின் கூடையும் சந்தேகத்துக்கு ஆளாகிறது. வசதியுள்ளவர்கள் 'ஆர்கானிக்' கடைக்கு ஒதுங்குகிறார்கள். இயற்கை உரம் போட்டாலும் மண்ணில் தங்கிய உலோகம் போய்விடாது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. ஒதுங்க வழியில்லாத உழைக்கும் மக்கள், கையிலிருக்கும் காசுக்குக் கிடைப்பதைத்தான் உண்கிறார்கள்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இல் வந்தது. விற்பவரைக் கேள்வி கேட்கிறது. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இலேயே வந்துவிட்டது. அது ஆலையைக் கேட்க வேண்டும். இரண்டும் சந்திக்க வேண்டும் என்கிறேன். கூடையில் தொடங்கும் சோதனை கழிவுநீர்க் குழாயின் வாய்வரை போகட்டும். முடிவுகளை ஊர்வாரியாக மக்கள்முன் வையுங்கள். பயிரை நிறுத்தச் சொன்னால் இழப்பீடும் மாற்று நிலமும் கொடுங்கள். குத்தகைக்காரருக்கும் கூலிக்காரருக்கும் சேர்த்தே கொடுங்கள். அந்தச் செலவை ஆலைகளிடம் வசூலியுங்கள்.

மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று 1996இல், வேலூர் தோல் ஆலைகள் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை.