டேட்டா இன்ஜினியருக்கு இன்னொரு சான்றிதழ் எதற்கு?

ஆட்குறைப்பு என்று பேச்சு வந்தாலே பொட்டி தட்டுபவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை, ‘இன்னொரு கிளவுட் சான்றிதழ் வாங்கு’. 2025 ஜூலையில் டிசிஎஸ் 12,000 பேருக்கு மேல் குறைக்கப் போவதாக அறிவித்தபோது அதிகம் மாட்டியது நடுநிலை, மூத்தநிலை ஆட்கள். அவர்களிடம் இல்லாத சான்றிதழா?

ஹடூப் தெரிந்தால் போதும் என்று ஒரு காலம் இருந்தது. அதை நம்பிக் கடை விரித்த கிளவுடெராவும் ஹார்ட்டன்வொர்க்ஸும் 2019-ல் ஒன்றாகிவிட்டன. 1970களில் பிறந்த எஸ்க்யூஎல்தான் இன்னமும் சோறு போடுகிறது.

அதைவிட முக்கியம், கம்பெனிக் காசு எங்கே ஒழுகுகிறது என்று தெரிவது. சப்ளையர் கொடுத்த பில் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் வந்தால்தான் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியும். அதையும் கொள்முதல் பதிவேட்டையும் ஒப்பிடுவது டேட்டா ஆட்களுக்கு வெறும் ஜாயின். (ஒருவர் பில் நம்பரில் கோடு போடுவார், இன்னொருவர் புள்ளி வைப்பார். நிஜமான ஆணி அங்கேதான்!) எந்த சப்ளையர் பில் விட்டுப்போனது, எத்தனை லட்சம் வரவு நிற்கிறது என்று மாதாமாதம் பட்டியல் நீட்டுகிறவரை வீட்டுக்கு அனுப்ப ஃபைனான்ஸ் மேனேஜர் லேசில் சம்மதிக்க மாட்டார்.

சான்றிதழ் ஃபீஸில் கொஞ்சம் மிச்சம் பிடித்து அக்கவுண்ட்ஸ்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து, மாதக் கடைசியில் எதற்கு அவ்வளவு புலம்புகிறார் என்று கேட்டுப் பார்க்கலாம்.