கயிற்றைப் பிடிக்கவும் ஆள் வேண்டும்

கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரன், ராத்திரி சாப்பாடு முடிந்ததும் விண்வெளித் தொடர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு பெரிய கப்பல். எங்கோ தூரத்தில் சிலர் மாட்டிக்கொண்டு தவிக்கிறார்கள். கப்பலில் உள்ள ஓர் அதிகாரி, மேலதிகாரி வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல், சின்ன ஓடம் ஒன்றில் ஏறித் தனியாகவே அவர்களை மீட்கப் புறப்படுகிறார். பின்னணியில் இசை முழங்குகிறது. பேரனுக்குக் கண்ணெல்லாம் பளபளப்பு.

"நீங்களா இருந்தா போவீங்களா தாத்தா?" என்று கேட்டான்.

"நேரமாச்சு, படு" என்று சொல்லிவிட்டேன். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே கேள்வி எனக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு கிணற்று மேட்டில் வந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. அப்போது நம் பக்கம் எல்லாம் தென்னாற்காடு மாவட்டம். நான் படிப்பை முடித்துவிட்டு, வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு, திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் இருந்தேன். அந்த வருஷம் கடுமையான கோடை. கிணற்றில் தண்ணீர் கீழே போகப் போக, ஆயில் என்ஜினையும் கீழே இறக்கி, கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி வைத்து ஓட்டுவார்கள். மேலே மல்லாட்டைக் கொல்லை காய்ந்துகொண்டிருக்கும்போது வேறு வழி? அப்படி ஓட்டிய ஒரு கிணற்றில், என்ஜின் நின்றுவிட்டதே என்று பார்க்க இறங்கிய அண்ணன், மேடையிலேயே சாய்ந்துவிட்டார். அதைப் பார்த்துத் தம்பி இறங்கினார். அவரும் சாய்ந்தார். கூச்சல் கேட்டு ஓடியவர்களில் நான் முதல் ஆள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் கால் வைத்துவிட்டேன்.

பின்னாலிருந்து ஒரு கை என் சட்டையைப் பிடித்து இழுத்தது. என் பெரியப்பா. "எங்கடா போற? கயிறு எங்க?" என்றார். நான் திமிறினேன். ஓங்கி ஓர் அறை விட்டார். அதற்குள் இன்னொருவரை ஓடவிட்டு, கவலைக் கயிறு கொண்டுவரச் சொன்னார். வேப்பங்கிளைகளை வெட்டிக் கட்டி, கிணற்றுக்குள் மேலும் கீழுமாக வேகமாக இழுக்கச் சொன்னார், உள்ளே தேங்கிய காற்று கலையட்டும் என்று. பிறகு எங்களில் எடை குறைந்த ஒருவரின் இடுப்பிலும் தோளிலும் கயிற்றைக் கட்டி இறக்கினார். "தலை சுத்துதுன்னா கயித்த ரெண்டு தடவை இழு, தூக்கிடுவோம்" என்றார். மேலே நாலு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டோம்.

தம்பி பிழைத்தார். அண்ணன் பிழைக்கவில்லை.

அன்று இறங்கியவரை ஊர் கொண்டாடியது. நியாயம்தான். என்னைப் பற்றி, "படிச்ச புள்ள, பயந்து நின்னுட்டான்" என்று டீக்கடையில் பேசியது என் காதுக்கும் வந்தது. அந்த வார்த்தை பல வருஷம் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. பெரியப்பா என்னை இழுத்திருக்காவிட்டால் அந்த மேடையில் மூன்றாவது ஆளாக நான் கிடந்திருப்பேன் என்பது புத்திக்குத் தெரியும். மனசுக்குத் தெரிய நாளாயிற்று.

என்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. மூச்சில் போனதும் ரத்தத்தில் உயிர்க்காற்றுக்கு உரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பழைய கிணற்றில் கரியமில வாயு அடியில் தேங்கும். கழிவுநீர்த் தொட்டியில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு உண்டு. அது அதிகமாக இருந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது; 'நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்' என்று தோன்றும். நம் பெரியவர்கள் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது அணைகிறதா என்று பார்ப்பார்கள். நல்ல வழக்கம்தான், ஆனால் பாதி வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்கக்கூடாது என்பது சரி. அணையாவிட்டால் ஆபத்தில்லை என்பது தவறு, ஏனென்றால் ஆளைக் கொல்லும் அளவு கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் விளக்கு எரியும். கழிவுநீர்த் தொட்டியிலோ நெருப்பையே காட்டக்கூடாது. அங்கே தீப்பிடிக்கும் வாயுவும் உண்டு.

இதனால்தான் நம் செய்தித்தாள்களில் இப்படிப்பட்ட சாவு ஒன்றோடு நிற்பதில்லை. ஒருவர் மயங்க, காப்பாற்றப் போனவர் மயங்க, அவரைக் காப்பாற்றப் போனவரும் மயங்க என்று வரிசையாக வருகிறது. 2019 நவம்பரில் சென்னையில் ஒரு வணிக வளாகத்தின் கழிவுநீர்த் தொட்டியில், உடன்பிறந்தவரைக் காப்பாற்றப் போன 25 வயது இளைஞர் உயிரை விட்டார். அந்தப் பிள்ளையின் துணிச்சலைக் குறைசொல்ல யாருக்கு வாய் வரும்? ஆனால் அவர் கையில் ஒரு மூச்சுக் கருவி இருந்திருந்தால் அந்தத் தாய்க்கு இரண்டு பிள்ளைகளும் இருந்திருப்பார்கள்.

சரி, கதையில் வரும் விண்வெளி அதிகாரி இருக்கட்டும். நிஜத்தில் அப்படி ஒரு பயணம் நடந்திருக்கிறது. நம் ராகேஷ் சர்மா 1984 ஏப்ரலில் போய்த் தங்கிய சோவியத் விண்வெளி நிலையம் சல்யூட் 7 நம் தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கும். அங்கிருந்துதான் அவர் இந்திரா காந்தியுடன் பேசினார். அடுத்த வருஷம் பிப்ரவரியில், ஆள் யாரும் இல்லாத நேரத்தில், அந்த நிலையத்தோடு தொடர்பு அறுந்துபோனது. மின்சாரம் செத்து, இருட்டில், உறைந்துபோய், பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை மீட்க 1985 ஜூன் 6 அன்று இரண்டு பேர் புறப்பட்டார்கள். ஒருவர் விளாதிமிர் ஜானிபெகோவ், மற்றவர் விக்தர் சவினிக்.

இது உயிரைப் பணயம் வைத்த பயணம்தான். செத்துக் கிடக்கும் நிலையம் வழிகாட்டும் சமிக்ஞை எதையும் அனுப்பாது. கையால் ஓட்டிப்போய்த்தான் அதோடு இணைய வேண்டும். தவறினால் மோதல். ஆனால் அவர்கள் போன விதத்தைப் பாருங்கள். ஜானிபெகோவ் அதற்கு முன் நான்கு முறை விண்வெளிக்குப் போனவர். 1982-ல் இதே நிலையத்தோடு கையால் ஓட்டி இணைத்த அனுபவம் உள்ளவர். மாதக்கணக்கில் பயிற்சி செய்தார்கள். பயன்படாத தானியங்கிக் கருவிகளையும் மூன்றாவது இருக்கையையும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கூடுதல் தண்ணீரும் உணவும் எரிபொருளும் ஏற்றினார்கள். இரண்டு நாளில் நிலையத்தை அடைந்து இணைந்த பிறகும் கதவைத் திறந்துகொண்டு ஓடவில்லை. முதலில் உள்ளே இருக்கும் காற்றைச் சோதித்தார்கள். நல்ல காற்று என்று தெரிந்த பிறகுதான் நுழைந்தார்கள். மின்விசிறி ஓடாத இடத்தில் தாம் விடும் மூச்சே முகத்தைச் சுற்றித் தேங்கி மயக்கிவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, குளிரில் நடுங்கியபடி, மின்கலங்களைச் சூரியத் தகடுகளோடு நேராக இணைத்து நிலையத்துக்கு உயிர் கொடுத்தார்கள். இருவரும் பத்திரமாக வீடு திரும்பினார்கள்.

அறிவியல் தெரிந்த அந்த இருவர் செய்ததும், பள்ளிக்கூடத்தை அதிகம் எட்டிப் பார்க்காத என் பெரியப்பா செய்ததும் ஒன்றுதான். காற்றைப் பார், கயிற்றைப் பார், பிறகு காலை வை.

நம் மாவட்டத்தில் இதைக் கண்ணால் பார்த்து இன்னும் ரொம்ப நாள் ஆகவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைத் தொட்டது. தொட்டதும் போகாமல் அங்கேயே நின்று பெய்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். அது போதாதென்று சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட, தென்பெண்ணை கரையை மறந்தது. டிசம்பர் 2 அன்று அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே மூழ்கியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்றன. தீயணைப்புத் துறையினரும் பேரிடர் மீட்புப் படையினரும் படகுகளில் போய் ஜனங்களை மீட்டு வந்தார்கள். மிதவைச் சட்டை, கயிறு, படகில் இன்னோர் ஆள். அதுதான் அவர்கள் முறை. முழங்கால் அளவே ஆனாலும் வேகமாக ஓடும் தண்ணீர் ஆளைச் சாய்த்துவிடும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்.

அந்த முறை சும்மா வந்ததல்ல. ஏப்ரல் 14 நமக்குச் சித்திரைப் பிறப்பு. தீயணைப்புத் துறைக்கு அது நீத்தார் நினைவு நாள். 1944-ல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பலில் பிடித்த தீயை அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் 60-க்கும் மேற்பட்டோர், கப்பல் வெடித்ததில் மாண்டுபோனார்கள். மீட்கப் போகிறவரின் உயிரும் ஒரு கணக்கில் வர வேண்டும் என்பதை அந்தத் துறை ரத்தம் கொடுத்துக் கற்றிருக்கிறது.

இங்கே ஒருவர் கேட்கலாம்: "ஐயா, திண்டிவனத்திலிருந்து தீயணைப்பு வண்டி வர அரை மணி ஆகும். காற்று இல்லாமல் மனுஷன் சில நிமிஷம்தான் தாங்குவான். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்கிறீர்களா?" இது நியாயமான கேள்வி. இதை ஒதுக்கிவிட்டு 'யாரும் இறங்காதீர்கள்' என்று உபதேசம் செய்வது சுலபம். ஆனால் கண்ணெதிரே அண்ணன் கிடக்கும்போது தம்பி இறங்கத்தான் செய்வான். எந்தப் பலகை எழுதிவைத்தாலும் இறங்குவான். அது மனித சுபாவம். அதை மாற்றவும் வேண்டாம். மாற்ற வேண்டியது, அவன் கையை நீட்டும் தூரத்தில் கயிறு இல்லாத நிலைமையை.

ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் நூறடி நல்ல கயிறு, தோளோடு மாட்டும் இடுப்புப் பட்டை, இரண்டு மிதவை வளையம், காற்றை உள்ளே ஊதும் ஓர் ஊதுகருவி இவ்வளவாவது இருக்க வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்திருக்க வேண்டும். பயிற்சிக்கும் வழி உண்டு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டத்தில் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி என்று ஏற்பாடு செய்தார்கள். அதைப் போல ஊருக்கு நாலு பேராவது தேற வேண்டும். கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்தது. அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. கயிற்றுக்கும் பட்டைக்கும் அதில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. செத்த பிறகு கொடுக்க மனம் இருக்கிற நாம், சாகாமலிருக்கக் கொடுக்க யோசிப்பது என்ன கணக்கு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீரம் என்றால் பாய்ந்து போவது மட்டும்தான் என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டோம். சட்டையைப் பிடித்து இழுத்து அறைந்தவரை வீரர் என்று யாரும் சொல்வதில்லை. என் பெரியப்பாவுக்கு ஊரில் யாரும் மாலை போடவில்லை. அவர் அன்று காப்பாற்றியது இரண்டு பேரை, தம்பியையும் என்னையும். என்னைக் காப்பாற்றியது கணக்கிலேயே வரவில்லை.

மறுநாள் காலை, திண்ணையில் காபி குடிக்கும்போது பேரனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவன் பேசாமல் கேட்டான். முடிந்ததும், "அப்போ நீங்க இறங்கவே இல்லையா தாத்தா?" என்றான்.

"இல்லடா கண்ணு."

கொஞ்ச நேரம் யோசித்தான். "கயித்த யார் யார் புடிச்சீங்க?"

"நாலு பேர். முன்னால நின்னது நான். உள்ளங்கை உரிஞ்சு, சோறு பிசைய ஒரு வாரம் ஆச்சு."

கையைக் காட்டச் சொன்னான். ஐம்பது வருஷத்தில் தழும்பு எங்கே இருக்கப்போகிறது? ஆனாலும் அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அடுத்த கிராம சபை ஆகஸ்ட் 15 அன்று. தீர்மானங்கள் வாசித்து முடிந்ததும், "நம்ம ஊர்க் கயிறு எங்கே இருக்கிறது?" என்று ஒருவராவது எழுந்து கேளுங்கள். எங்கள் ஊரில் நான் கேட்பதாக இருக்கிறேன்.