சிவப்பு மறைந்தும் தெளியாத கண்

பருவமழைக் காலத்தில் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் 'மெட்ராஸ் ஐ' வீடுவீடாகப் பரவுவதை நாம் அறிவோம். 2022 நவம்பரில் தமிழகமெங்கும் பலர் அதனால் அவதியுற்றனர். பெரும்பாலும் அடினோ வைரஸால் வரும் இந்நோய் இரண்டு, மூன்று வாரங்களில் தானே தணிந்துவிடும்.

ஆயினும் சிலருக்குச் சிவப்பு மறைந்த பின்னும் பார்வை மங்கலாகவே இருக்கிறது. விளக்கொளி கண்ணைக் கூசச் செய்கிறது. நோய் தீர்ந்தும் இம்மங்கல் ஏன்?

கருவிழியை மூடியுள்ள படலம் கண்ணாடி போன்றது. ஒளி தடையின்றிப் புகும்பொருட்டு அதில் இரத்தக் குழாய்களே இல்லை. கிருமியின் எச்சங்கள் அங்கே தங்கிவிட்டால், நம்மைக் காக்கும் வெள்ளணுக்கள் அவற்றைத் தேடி வந்து கூட்டங்கூட்டமாய்த் திரள்கின்றன. அத்திரளே வெண்புள்ளிகளாகிப் பார்வையை மறைக்கிறது. திருடனைப் பிடிக்க வந்த காவலர் வீட்டுச் சன்னலை அடைத்து நிற்பது போன்றது இது. சென்னை அரசு கண் மருத்துவமனையின் தலைவராயிருந்த டாக்டர் ரைட், கருவிழியில் தோன்றும் இத்தகைய புள்ளிகளைப் பற்றி 1930லேயே விரிவாக எழுதினார். அடினோ வைரஸ் கண்டறியப்பட்டதோ 1953இல்தான்.

இப்புள்ளிகள் பல மாதங்கள் நீடிக்கலாம். எனினும் பெரும்பாலும் மெல்ல மறைந்துவிடும். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து வெள்ளணுக்களை அடக்குவதால் பார்வை விரைவில் தெளிகிறது. இங்கேதான் ஆபத்தும் உள்ளது. மருந்தைத் திடீரென நிறுத்தினால் புள்ளிகள் மீளலாம். நெடுநாள் இட்டால் கண்ணின் அழுத்தம் உயரலாம், கண்புரையும் தோன்றலாம்.

அதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. ஹெர்பிஸ் என்னும் வைரஸும் கண்ணைச் சிவக்கச் செய்யும். அது பெரும்பாலும் ஒரு கண்ணையே பற்றும். அதனால் கருவிழியின் மேற்பரப்பில் புண் உண்டாகியிருக்கையில் ஸ்டீராய்டு மட்டும் இட்டால், காவலரற்ற வீட்டில் திருடன் புகுந்ததுபோல் கிருமி பெருகிப் பார்வையையே பறிக்கக்கூடும். அதே ஹெர்பிஸ் ஆழத்தில் அழற்சியை விளைத்திருந்தால், கிருமியைக் கொல்லும் மருந்துடன் ஸ்டீராய்டையும் சேர்த்தே மருத்துவர் அளிப்பார். எது எந்நிலை என்பதை விளக்குக் கருவியால் கண்ணைச் சோதித்தவரே அறிவார்.

ஆகவே, அடுத்த வீட்டார் தந்த சொட்டு மருந்தையோ, மருந்துக் கடையில் கேட்டு வாங்கியதையோ பிள்ளைகளின் கண்ணில் இடாதீர்கள். வலி, கூச்சம், மங்கல் இருப்பின் உடனே கண் மருத்துவரை நாடுங்கள். 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நமக்கு மின்சார இரயில் செல்லும் தொலைவில்தான் உள்ளது.